நிமிடத்துக்கு நான்கு துடிப்புகள்

பள்ளத்தாக்கு முழுக்க அவளுக்கு ‘இரைச்சல் அக்கா’ என்றுதான் பெயர். அவள் வாயாடி அல்ல. அவளிடமிருந்து நாலு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். செய்யும் வேலையால் ஒட்டிக்கொண்ட பெயர்.

மலைகளுக்கு நடுவே ஒரு ரேடியோ தொலைநோக்கி வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. ஊரார் அதைப் பெரிய தட்டு என்பார்கள். விண்மீன்களிடமிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்பது அதன் வேலை. பக்கத்து ஊரில் ஒரு தையல் மெஷின் மோட்டார் பொறி கக்கினால் கூட அதன் காது அடைத்துவிடும். அதனால் அந்த வட்டாரத்தில் செல்போன் கிடையாது. ஆய்வு மையத்துக்குள் பெட்ரோல் வண்டி கூட வரக்கூடாது, அதன் என்ஜினிலும் பொறி உண்டு; டீசல் வண்டிதான். அதையும் மீறி இரைச்சல் வந்தால், எந்த வீட்டில் எந்தச் சாமான் அதைக் கிளப்புகிறது என்று தேடிப் பிடிப்பது அக்காவின் உத்தியோகம்.

முன்பு அவள் கடைத்தெருவில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஆய்வு மைய அதிகாரி வந்து, “இரைச்சல் உங்க கடையிலேர்ந்துதான் வருதும்மா, எதுலேர்ந்துன்னுதான் புரியல” என்று கையைப் பிசைந்தார். கால்மணி நேரத்தில் அவள் ஒரு பழைய பேட்டரி சார்ஜரைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். அடுத்த மாதமே வேலைக்கான உத்தரவு வந்துவிட்டது.

இருபத்தேழு வருடங்களில் இருநூற்றுப் பதினான்கு இரைச்சல்களைப் பிடித்திருந்தாள். அழைப்பு மணி, மாட்டுக் கொட்டகை மின்வேலி, நாய் கடித்துப் பிய்த்த மின்சாரப் போர்வை. ஒவ்வொன்றும் தட்டில் முதலில் கேட்டபோது ஆய்வாளர்களில் யாராவது ஒருவருக்கு நெஞ்சு படபடத்திருக்கும். அத்தனையும் கடைசியில் மனுஷன் செய்த சாமானாகவே இருந்தது. அதனால், “மேல யாராவது இருக்காங்களா அக்கா?” என்று யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான்: “ஒருத்தரும் இல்ல.”

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். “வேலை பாக்குறது அங்க, சொல்றது இப்படியா? உன் மேலதிகாரி காதுல விழுந்தா?” என்று கிண்டல் செய்வார்.

“விழட்டுமே. அவருக்கும் தெரியும்.”

மேலதிகாரி என்று அவர் சொன்னது ஆய்வாளரை. நாற்பது வயது, சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ். ஒருமுறை உணவுக்கூடத்து மேசையிலேயே அவளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். “நம்ம பால்வீதியில குறைஞ்சது பத்தாயிரம் கோடி நட்சத்திரம் இருக்கு அக்கா. முக்கால்வாசிக்குக் கோள்கள் இருக்கும்னு வைங்க. அதுல எத்தனை கோள்ல தண்ணி ஓடுது? எத்தனையில உயிர் வந்துச்சு? அதுல எத்தனை, யோசிச்சு ரேடியோ செய்யுற அளவுக்கு வளர்ந்துச்சு? எல்லாத்தையும் வரிசையாப் பெருக்கணும்.”

“பெருக்கினா எவ்வளவு வரும்?”

“முதல் ரெண்டு எண்தான் சுமாராத் தெரியும். மத்தது யூகம். பல லட்சம்னும் வரும், நாம மட்டும்தான்னும் வரும்.”

“இதுக்குப் பேரு கணக்கா சார்?” என்று கேட்டுவிட்டு அவள் மேசையைத் துடைத்தாள்.

அந்த வருடம் மழைக்காலம் முடிந்ததும் இருநூற்றுப் பதினைந்தாவது வந்தது. காலை பத்து மணிக்குத் தட்டு ஒரு குறிப்பிட்ட விண்மீனைப் பார்க்கும்போது, நிமிடத்துக்கு நான்கு துடிப்புகள் கேட்டன. பத்தே முக்காலுக்குத் தட்டைச் சற்றே வேறு பக்கம் திருப்பினார்கள், துடிப்பு நின்றது. பதினொன்றரைக்கு மறுபடி அந்த விண்மீனுக்குத் திருப்பினார்கள், துடிப்பு வந்தது. மறுநாளும் அப்படியே. வழக்கமான இரைச்சல் தட்டு எங்கே திரும்பினாலும் கேட்கும். இது அந்த விண்மீனோடு மட்டும் வந்து போயிற்று.

ஆய்வாளருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “ஒரு வாரம் தேடுங்க அக்கா. நீங்க கை விரிச்சாத்தான் நான் வெளியில சொல்ல முடியும்.”

அவள் ஜீப்பில் பள்ளத்தாக்கைச் சல்லடை போட்டுச் சலித்தாள். நாளுக்கொரு மேட்டில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, மீன் முள் போலிருக்கும் ஆன்டெனாவை நாலு பக்கமும் சுழற்றி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். எட்டு நாளில் ஒரு முணுமுணுப்பு கூட இல்லை. எட்டாம் நாள் வீட்டுக்கு வந்து கணவரிடம், “ஒருவேளை இருப்பாங்களோ?” என்றாள். அவர் கிண்டல் செய்யவில்லை. அவள் குரல் அப்படி இருந்தது.

ஒன்பதாம் நாள் ஜீப் கிளம்ப மறுத்தது, பேட்டரி படுத்துவிட்டது. அவள் ஆன்டெனாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே மேட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஆய்வாளர் முகம் தொங்கிக் கிடந்தது. “இன்னைக்கு வரல அக்கா. நின்னு போச்சு.”

அவள் ஆன்டெனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். இன்றைக்கு எல்லாமே நேற்று மாதிரிதான், ஒன்றைத் தவிர. ஜீப் ஓடவில்லை.

மறுநாள் பேட்டரியை மாற்றி, டிரைவர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து வளாகத்தைச் சுற்றச் சொன்னாள். தான் தட்டின் அடியில் ஹெட்போனோடு நின்றாள். ஜீப் நகர்ந்ததும் டுக் என்றது. பிறகு இன்னொன்று. ஒரு நிமிடத்துக்குள் நான்கு. வண்டி நின்றதும் அடங்கியது.

மழைக்காலத்தில் குழியில் விழுந்து, டயரைத் தாங்கும் சக்கர வளையங்கள் விரிசல் விட்டதால், பட்டறைக்காரர் ஏதோ ஒரு புது வண்டியிலிருந்து கழற்றிய வளையங்களை மாட்டியிருந்தார். அவரையே கூப்பிட்டுச் சக்கரத்தைப் பிரிக்கச் சொன்னாள். உள்ளே, காற்றடிக்கும் வால்வின் அடியில் தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு கருவி இருந்தது.

“அட, இது டயர்ல காத்து எவ்வளவு இருக்குன்னு ரேடியோவுல சொல்றது அக்கா. சக்கரம் சுத்தினாத்தான் பேசும். உங்க ஜீப் பழசு, இதைக் கேக்குற கருவியே அதுல கிடையாது. நாலும் சும்மா பேசிட்டு இருந்திருக்கு.”

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தினமும் பத்து மணிக்கு ரோந்து கிளம்புவாள், பத்தே முக்காலுக்கு மேட்டில் என்ஜினை அணைத்துவிட்டுக் காது கொடுப்பாள், பதினொன்றரைக்குத் திரும்புவாள். தட்டைத் திருப்பிய நேரங்களும் அதேதான். அவள் கேட்க நின்றபோதெல்லாம் சக்கரமும் நின்றிருந்தது.

நான்கு கருவிகளையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஆய்வாளர் அறைக்குப் போனாள். வழியில் ஒருமுறை நின்றாள். பட்டறைக்காரருக்குத் துடிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது; இதைச் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உடனே தன்மேலேயே எரிச்சல் வந்து, விறுவிறுவென்று நடந்து போய் மேசைமேல் முடிச்சை அவிழ்த்தாள்.

“என் வண்டிதான் சார். இத்தனை வருஷம் ஊரையே குத்தம் சொல்லிட்டு, நானே சுமந்துட்டுத் திரிஞ்சிருக்கேன். வேற ஆளை வெச்சுக்கோங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது, அதில் எவ்வளவு சிரிப்பு என்று அவளால் சொல்ல முடியவில்லை. “வேற ஆள்னா இதைக் கொண்டுவந்து என் முன்னாடி வெச்சிருப்பாங்களா அக்கா? உக்காருங்க.”

அவள் உட்கார்ந்தாள். முதல்முறையாக அவளே கேட்டாள்: “இதுவரைக்கும் எத்தனை நட்சத்திரத்தைக் கேட்டிருக்கோம்?”

“ஒரு நாலாயிரம் இருக்கும்.”

“பத்தாயிரம் கோடியிலயா?”

“ஆமா.”

அவள் மனசுக்குள் பெருக்கவும் வகுக்கவும் செய்து பார்த்தாள். தன் இருநூற்றுப் பதினைந்தும் இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றித்தான் ஏதோ சொல்லின. மேலே என்ன இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. “இல்ல” என்று அவள் அத்தனை உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு என்ன ஆதாரம் என்று யோசித்தபோது அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அடுத்த மாதம் ஆய்வு மைய நூலகத்துக்கு வந்த பெண்கள் குழு ஒன்று அவளைச் சூழ்ந்துகொண்டு, “மேல யாராவது இருக்காங்களா?” என்ற அதே கேள்வியைக் கேட்டது.

“தெரியாதும்மா,” என்றாள். “இருக்கவும் இருக்கலாம். நாங்க இன்னும் சரியாக் கேக்கவே ஆரம்பிக்கல.”

கணவர் அதைக் கேள்விப்பட்டு, “என்ன, கட்சி மாறிட்டியா?” என்றார்.

“மாறல. கட்சியிலேர்ந்து விலகிட்டேன்,” என்று சொல்லிவிட்டு அவள் ஜீப் சாவியை எடுத்தாள்.