சண்டையின் மீதி

"வீட்ல யாரோட சண்டை?" என்று கேட்டுக்கொண்டேதான் மயக்க டாக்டரம்மா ஊசியைக் கையில் எடுப்பார். ஆபரேஷன் தியேட்டர் குளிரில் பச்சைத் துணிக்குள் உதறிக்கொண்டு படுத்திருப்பவர் இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்கமாட்டார். திருதிருவென்று விழிப்பார். பிறகு, "அதை ஏன் கேக்கறீங்க, என் மச்சினன் ஒருத்தன் இருக்கானே..." என்று ஆரம்பித்துவிடுவார். மச்சினனின் அட்டூழியம் உச்சத்துக்கு ஏறும்போது மருந்து உள்ளே இறங்கும். வசவு பாதியில் நிற்க, ஆள் தூங்கியிருப்பார்.

மற்ற டாக்டர்கள் எண்ணச் சொல்வார்கள். இவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. "எண்ணச் சொன்னா, எந்த நம்பர்ல உயிர் போகும்னு யோசிச்சுட்டே படுத்திருப்பாங்க. சண்டையைக் கிளறி விட்டா பயம் ஓடிப்போயிடும். சண்டை இல்லாத வீடு எங்க இருக்கு?" என்பார். அவர் வீட்டிலேயே ஒரு சண்டை இருக்கிறது. குளியலறை விளக்கை அணைக்காமல் வருகிற கணவரோடு, கல்யாணமான நாளிலிருந்து நடக்கும் வழக்கு அது. இன்னும் தீர்ப்பாகவில்லை.

ஆள் குள்ளம். தொப்பிக்குள் அடங்க மறுக்கும் ஒரு கற்றை நரைமுடி. சுற்றிலும் இயந்திரங்கள் என்னதான் கத்தினாலும், அறுவை முடியும்வரை அவருடைய விரல் நோயாளியின் நாடியை விட்டு நகராது. "தூங்க வெச்சதோட உங்க வேலை முடிஞ்சுது. கொடுத்து வெச்சவங்க!" என்று சர்ஜன் சீண்டுவார். "தூங்க வைக்கிறது ஒரு வேலையா டாக்டர்? எழுப்புறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்று பதில் வரும்.

பிழைத்தவர்கள் சர்ஜனின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்குவார்கள். டாக்டரம்மா எதிரே வந்தால், யாரோ என்று வழிவிட்டு ஒதுங்குவார்கள். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. அவருக்கு வேண்டியது வேறு. மறுநாள் வார்டுக்குப் போய், கட்டிலுக்கு அருகில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்புறம் மச்சினன் என்ன பண்ணான்?" என்பார். மருந்தின் மறதியில், சொன்னதே நினைவில்லாத நோயாளி ஆடிப்போய்விடுவார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" டாக்டரம்மா சிரித்துக்கொண்டே மீதியையும் கறந்துவிடுவார். பாதிக் கதையோடு வீட்டுக்குப் போனால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் கேட்டது எதுவும் வெளியே வராது. கணவர் எத்தனையோ முறை வாயைக் கிளறிப் பார்த்துத் தோற்றிருக்கிறார்.

சென்ற மாதம் ஒரு வெல்டரைக் கொண்டுவந்தார்கள். குடல் முறுக்கிக்கொண்டுவிட்டது. காத்திருக்க நேரமில்லை. ஆனால் பட்டறைப் புகை அவருடைய நுரையீரலை என்றோ தின்று தீர்த்திருந்தது. தூங்க வைப்பது சுலபம், எழுவாரா என்பதுதான் சந்தேகம். தெரிந்தேதான் டாக்டரம்மா ஊசியை எடுத்தார். வழக்கமான கேள்வியையும் கேட்டார்.

"எங்கக்காவோட" என்றார் வெல்டர், மூச்சு வாங்கியபடி. "அம்மா போனப்புறம் என்னை வளத்ததே அவதான். ஒருநாள், நான் வர்றேன், பஸ் ஸ்டாண்டுக்கு வாடான்னா. நான் போகல. கொட்ற மழையில நின்னு பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிட்டா. அதோட பேச்சு நின்னுபோச்சு. ஏன் போகலன்னு அவகிட்ட நான் சொல்லவே இல்ல. அன்னிக்கு என்ன ஆச்சுன்னா, டாக்டரம்மா..."

தூங்கிவிட்டார்.

அறுவை நன்றாகவே முடிந்தது. வெல்டர்தான் எழவில்லை. மயக்க மருந்தை நிறுத்திய பிறகும் நெஞ்சு தானாக ஏறி இறங்க மறுத்தது. தொண்டைக்குள் குழாயோடு, இயந்திரம் ஊதிவிட்ட காற்றில் கிடந்தார். சர்ஜன் கை கழுவிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனார்.

வெளியே வெல்டரின் மனைவியைச் சுற்றி உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் சேராமல், சுவரோரம் ஒரு பையை அணைத்துக்கொண்டு நின்ற அம்மாள் டாக்டரம்மாவை மறித்தார். "நான் அவனுக்கு அக்கா. என்னைப் பாத்தா கோவப்படுவானோன்னு ஒதுங்கி நிக்கிறேன். எந்திரிச்சிடுவான்ல?"

டாக்டரம்மாவால் சொல்லக்கூடியது அதிகமில்லை. "பாதியில நிறுத்திட்டுத் தூங்கறாரும்மா. மீதியைச் சொல்லாம நான் விடமாட்டேன்" என்றார். எதன் பாதி என்று அந்த அம்மாளுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் தலையாட்டினார்.

வேலை நேரம் முடிந்தும் டாக்டரம்மா கிளம்பவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து நாடியைப் பிடித்துக்கொண்டார். பயமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷ அனுபவத்தில் அந்தப் பயம் மட்டும் பழகவே இல்லை. "நீங்க போங்க மேடம், நாங்க பாத்துக்கறோம்" என்றார் நர்ஸ். "என் வேலை இன்னும் முடியல சிஸ்டர்" என்றார்.

சாயங்கால வெயில் ஜன்னலில் சாய்ந்தபோது, இயந்திரத்தை முந்திக்கொண்டு வெல்டர் தானாக ஒரு மூச்சு இழுத்தார். பிறகு இன்னொன்று. கண் திறந்தார். "என் விரலை அழுத்துங்கண்ணா" என்று டாக்டரம்மா சொன்னதும் வலிக்கிற மாதிரி அழுத்தினார். குழாயை எடுத்ததும் இருமித் தீர்த்துவிட்டு, கரகரத்த குரலில் முதலில் கேட்டது, "அக்காவுக்குச் சொன்னாங்களா?"

ஏன் போகவில்லை என்ற கேள்வி டாக்டரம்மாவின் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. கை தன் பழக்கத்தில் ஸ்டூலை நோயாளியின் முகத்தருகே இழுத்துப் போட்டது. அப்போதுதான் கதவின் கண்ணாடிக்கு அப்பால், எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் கண்ணில் பட்டார்.

டாக்டரம்மா போய், கையைப் பிடித்து அழைத்துவந்து, அந்த ஸ்டூலில் அக்காவை உட்கார வைத்தார். கட்டிலைச் சுற்றித் திரையை இடைவெளி இல்லாமல் இழுத்து மூடிவிட்டு, உள்ளே பேசுவது காதில் விழாத தூரத்துக்கு நடந்தார்.