ஐஸ் பெட்டிக்குள் ஒரு கொடி

சின்ன காஞ்சிபுரத்தில் சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுபவர் அவர். ஒல்லியான ஆள், எப்போதும் வெள்ளைச் சட்டை. தொழில் பழக்கமோ என்னவோ, டீ கேட்டால்கூட ரகசியம் மாதிரிதான் கேட்பார்.

கத்திரி வெயிலில் அப்பா இறந்த அன்று அவர் கடைக்கு ஓடினேன். மீதமிருந்த ஒரே பெட்டியும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி மூடிக்குள் ஒரு பூந்தொட்டி. வளைத்த கம்பியில் சுற்றிவிட்ட கொடியில் சிவப்பும் ஊதாவுமாக, ஜிமிக்கி மாதிரி பூக்கள் தொங்கின.

"ஃபூஷியாவாம்பா. ஊட்டியில வேலை பார்த்தப்ப எம்பொண்ணு வச்சது. அவ செத்தப்புறம் நான் எடுத்தாந்தேன். ஊட்டிக் குளிரத் தாங்குமாம். நம்மூரு வெயிலதான் தாங்க மாட்டேங்குது. பகல்ல இதுலதான் வச்சிக்கினு இருக்கேன்."

சொல்லிக்கொண்டே தொட்டியை எடுத்துத் தகரக் கூரைக்கடியில் வைத்தார்.

"அப்போ செடி?" என்றேன்.

"உங்கப்பாவ வெயில்ல வைக்க முடியுமாப்பா?"

மறுநாள் எல்லாம் முடிந்து, பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். கொடி கம்பியிலேயே கருகித் துவண்டிருந்தது. அவர் பெட்டியின் உள்பக்கத்தைத் துணியால் நிதானமாகத் துடைத்தார். கருகிய கொடியைத் தொட்டியோடு உள்ளே வைத்தார், மூடியைச் சாத்தி சுவிட்சைப் போட்டார்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்பா" என்றார், அனுமதி கேட்பவர் போல.

அப்பாவைத் தூக்க வந்தவர்களிடம் அம்மா சொன்னதும் அதுதான்.