எழுந்து நின்ற கால்கள்

டோர்சி ஃபெல்ட்னர் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது வீட்டுச் சுவரில். கென்டக்கி மலையில், லோன் ஃபோர்க் ஓடைக்கரை வீடுகளில் குளிர்காற்று புகாமலிருக்கப் பலகைச் சுவர் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டுவார்கள். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட அக்கா ஆர்லீனா, தம்பியை அந்தச் சுவர் முன் நிறுத்தி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினாள். தலைகீழாக ஒட்டியிருந்த பக்கத்தைக்கூட அவள் விடவில்லை. அவனும் கழுத்தைச் சாய்த்துப் படித்து முடித்தான். சுவர் தீர்ந்ததும் வேதப்புத்தகம். பன்னிரண்டு வயதுக்குள் அதை இரண்டு முறை முடித்துவிட்டான். முடித்த தேதிகளைக் கடைசிப் பக்கத்தில் ஆர்லீனா குறித்து வைத்திருக்கிறாள்.

பதினைந்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனான். வண்டி இழுக்கும் கோவேறு கழுதையை ஓட்டும் வேலை. வழியெல்லாம் கழுதைக்கே பிரசங்கம் செய்வான்.

“என்னடா டோர்சி, இன்னைக்காவது கழுதை மனந்திரும்புச்சா?” என்று கூட இருப்பவர்கள் சீண்டுவார்கள்.

“அது எப்பவோ திரும்பிருச்சு. இப்ப நாங்க ரெண்டு பேரும் உங்களுக்காகத்தான் ஜெபம் பண்றோம்.”

சுரங்க முகாம் ஒன்று விடாமல் நடந்துபோய்ச் சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்திருந்தான். அதற்குச் சபை அவனை அனுப்ப வேண்டும். அந்தச் சபையில் பிரசங்கிக்குச் சம்பளம் கிடையாது, படிப்பும் கேட்பதில்லை. ஆனால் உறுப்பினர் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் ஆகாது.

அந்த ஒருவர் ஹோபார்ட். அவருக்கு எழுத்துத் தெரியாது. மனைவி வாசிக்கக் கேட்டே வேதத்தை மனதில் ஏற்றிக்கொண்டு இருபது வருடம் பிரசங்கித்தவர். 1928-இல் ஒரு ஞாயிறு, கர்த்தருக்குத் தப்பி யோனா நினிவேக்கு ஓடினான் என்று ராகமெடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த ஆர்லீனாவுக்குப் பொறுக்கவில்லை. முழங்கையால் தம்பியின் விலாவில் இடித்து, “சொல்லுடா” என்றாள். பதினேழு வயது டோர்சி எழுந்து நின்றான்.

“நினிவே இல்லைங்க, தர்ஷீசு. நினிவேக்குப் போகச் சொன்னதாலதான் ஓடினான்.”

பிரசங்கத்தின் நடுவே யாரும் வாய் திறப்பதில்லை. ஹோபார்ட் பேச்சைப் பாதியில் விட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுவருடம் டோர்சி அனுமதி கேட்டபோது அவர் ஒருவர் மட்டும், “எனக்குச் சம்மதமில்லை” என்றார். 1930-இலும் அதே பதில். ‘டவுன் சபையில சேர்ந்துக்கோ, அங்க வாய் இருந்தாப் போதும்’ என்று பலர் சொல்லிப் பார்த்தார்கள்.

“என்னைத் தெரிஞ்ச ஜனங்க அனுப்பணும். இவங்களே அனுப்பலைன்னா நான் யாருகிட்டப் போய் என்ன சொல்றது?” என்றான் டோர்சி.

இடித்தது தான்தான் என்று சொல்லிவிடுவதாக ஆர்லீனா இரண்டு முறை கிளம்பினாள். அவன் விடவில்லை. “அக்கா பின்னாடி ஒளிஞ்சவன்னு ஆயிரும். பேசாம இரு.”

1931 ஜூன் மாதம், இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து வருடத்துக்கு ஒரு முறை நடத்தும் கால் கழுவும் ஆராதனை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, விரும்பியவர் முன் மண்டியிட்டுக் கால் கழுவலாம், யாரும் மறுப்பதில்லை. வழக்கமாக அப்பாவின் காலைக் கழுவும் டோர்சி, அன்று தகரப் பாத்திரத்தோடு ஹோபார்ட் முன் போய் மண்டியிட்டான். அவர் வெறுங்கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். ஒரு பாட்டு முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது.

“எந்திரிடா.”

“பரவால்லைங்க. இருக்கேன்.”

பெண்கள் பக்கமிருந்து ஆர்லீனா எழுந்தாள், இடுப்புத் துண்டோடு. “ஐயா, அன்னைக்கு அவனை இடிச்சு எழுப்பிவிட்டது நான்தான். மூணு வருஷமா என் வாயை அடைச்சு வச்சிருக்கான்.”

ஹோபார்ட் குனிந்து பார்த்தார். “ஏன்டா நீ சொல்லல?”

“இடிச்சது அவ. எந்திரிச்சு நின்ன காலு என்னோடதுங்க. நீங்க பேசும்போது குறுக்க பேசினது தப்பு.”

“வசனம்?”

“வசனம் தர்ஷீசுதாங்க.”

பெண்கள் பக்கம் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

“விட மாட்டியே நீ!” என்றார் ஹோபார்ட். இரண்டு கால்களையும் பாத்திரத்துக்குள் வைத்தார். “ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கு. சீக்கிரம் கழுவு.” பிறகு துண்டை வாங்கித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, வழக்கப்படி டோர்சியின் கால்களைக் கழுவினார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் சம்மதம் கேட்டபோது எல்லாத் தலைகளும் ஹோபார்ட் பக்கம் திரும்பின. “என்னை ஏன் பார்க்குறீங்க? கையைத் தூக்கிட்டுத்தானே உட்கார்ந்திருக்கேன்?” என்றார்.

டோர்சியின் முதல் பிரசங்கம், யோர்தான் நதியில் முழுகி நாகமானின் குஷ்டரோகம் நீங்கியதைப் பற்றியது. கையில் தாளில்லாமல், குரல் நடுங்காமல் பேசினான். நடுவில், “யோர்தானிலே ஆறு தரம் முழுகினான்” என்று சொல்லிவிட்டான். முன்வரிசையிலிருந்த ஹோபார்ட் மெல்லத் திரும்பி ஆர்லீனாவைப் பார்த்துச் சிரித்தார். அவர் மனைவி ஏழு தரம் என்றுதான் வாசித்திருக்க வேண்டும். ஆர்லீனா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, ஆமென் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் சோளரொட்டியைப் பிட்டு வைத்தபடி, “ஏழு தரம்டா” என்றாள்.

“தெரியும்க்கா. சொன்ன உடனே தெரிஞ்சுது. நீ எந்திரிக்கலையேன்னுதான் ஆச்சரியமா இருந்துச்சு.”

மறுவாரம் ஒன்பது மைல் நடந்து முதல் முகாமுக்குப் போனான். அதே பிரசங்கம். ஆர்லீனாவும் கூடவே நடந்துபோய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, நாகமான் முழுக முழுக விரல் விட்டு எண்ணினாள். ஏழு சரியாக இருந்தது.