சிஞ்ஞோராவின் அசையாத கைகள்

இத்தாலியின் பலேர்மோவில் ஒரு வீட்டைவிட்டுப் புறப்படுகிறவர்கள் 'நான் போகிறேன்' என்று வாய்கூசாமல் சொல்லிவிடுகிறார்கள். வந்து இத்தனை காலமாகியும் எனக்கு அது பழகவில்லை. யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொன்னால் அம்மா திரும்பக் கூப்பிட்டு, 'போட்டு வாறன்', போய்விட்டுத் திரும்பி வருகிறேன், என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவார். நான் பராமரிக்கும் மூதாட்டியை, இங்கே 'அம்மா' என்பதுபோல, சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு இதை விளக்கியபோது விழுந்து விழுந்து சிரித்தார். பல்கலைக்கழகத்தில் கடலுயிரியல் படிப்பித்தவர். எதையும் கேட்டால் கற்றுக்கொள்ளாமல் விடமாட்டார். அன்றிலிருந்து மாலையில் நான் செருப்பை மாட்டியதும் உள்ளேயிருந்து 'ஓம், வாங்கோ' என்று தமிழிலேயே அவர் குரல் வரும்.

பிறகு அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். சத்திரசிகிச்சையோடு குரல் போய்விட்டது. அவருடைய மகன் பழைய விரிவுரைப் பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்து, தாய் தட்டச்சு செய்வதைத் தாயின் குரலிலேயே பேசவைத்தார். அன்றிரவு வீட்டில் அதைச் சொன்னேன். துறைமுகத்தில் வேலை செய்யும் என் கணவர், "உன்ரை சிஞ்ஞோராவைப் பேய் பிடிச்சிட்டுதோ?" என்று பகிடி பண்ணினார்.

இந்த வசந்தத்தில், ஐரோப்பாவின் அறிவியல் ஆய்வுகளில் செயற்கை நுண்ணறிவை எதுவரை விடலாம் என்று வழிகாட்டுவதற்கு ஒரு நிபுணர் குழுவைத் தெரிவுசெய்ய விண்ணப்பம் கேட்டார்கள். சிஞ்ஞோராவும் விண்ணப்பித்தார். முடிவெடுப்பது மனிதராகத்தான் இருக்கவேண்டும், அதை அங்கே சொல்லாமல் சாகமாட்டேன் என்று எனக்குத் தட்டச்சு செய்து காட்டினார். நான் பிள்ளையாருக்கும் பலேர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கும் சேர்த்தே நேர்த்தி வைத்தேன்.

நேர்காணல் காணொளியில் நடந்தது. கமராவுக்குத் தெரியாமல் பக்கத்தில் தண்ணீரோடு இருந்தேன். முதல் கேள்விகளுக்குத் தட்டச்சு செய்தவர், களைத்துப்போய்க் கைகளை மடியில் வைத்தார். கணினியின் குரல் நிற்கவில்லை. கேட்கக் கேட்க, அவருடைய பழைய சிரிப்போடு பதில் சொல்லிக்கொண்டே போனது. கடைசியில், முடிவையும் இயந்திரத்திடமே விட்டுவிடலாம் என்றது.

சிஞ்ஞோரா தலையைப் பின்னால் சாய்த்து நாடியை மேலே உயர்த்தினார். சிசிலிக்காரருக்கு அது 'இல்லை'. திரையில் கேள்வி கேட்ட வடக்கு ஐரோப்பியர்களோ, அவர் ஆமோதிப்பதாக நினைத்துத் தாங்களும் தலையாட்டினார்கள். அவர் கண் கலங்கியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்த இரண்டு கைகளையும் பிடித்துத் திரைக்கு நேரே தூக்கிக் காட்டினேன். பேசுவது இவரில்லை, பாருங்கள் என்றுதான். அந்தப் படித்த மனிதர்கள் எல்லோரும் சிரித்தபடி திருப்பிக் கையசைத்தார்கள். குரல் அவர்களுக்கு நன்றி சொல்லி விடைபெற்றது.

சிஞ்ஞோரா தெரிவாகிவிட்டார். மறுத்து எழுதலாம் என்று அவர் கணினியைத் திறந்தால், அவர் பெயரில் மனமார்ந்த சம்மதக் கடிதம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. அன்று பின்னேரம் முழுவதும் அவருடைய கைகளை என் கைகளுக்குள் வைத்துக்கொண்டு இருந்தேன். எங்கள் வீடிருக்கும் பிரான்காச்சோவுக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வழக்கம்போல அவரைப் பார்த்து, "போட்டு வாறன்" என்றேன்.

"ஓம், வாங்கோ."

சொன்னது கணினி. அவருடைய கைகள் இன்னும் என் கைகளுக்குள்தான் இருந்தன. அது கற்ற அந்த விரிவுரைகளில் தமிழ் ஒரு சொல்லும் கிடையாது. பயந்துபோய் அந்தக் கைகளை விட்டுவிட்டு வாசலுக்கு நடந்தேன். ஆனாலும், அந்த வீட்டில் மறுபடி தமிழில் ஒரு பதில் கேட்டதும் மனம் குளிர்ந்துபோனதை மறைக்கமாட்டேன். ஒரு கால் படியில், ஒரு கால் உள்ளே. திரும்பி வருவதாக யாரிடம் சொன்னேன் என்று தெரியாமல் வாசலில் நின்றேன்.