ஆறாவது நாள் இறக்கிய கோடு

அந்த மனநல கிளினிக்குக்கு வரும் பிள்ளைகளில் ஒருவருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. ஒயரக்கா என்றால்தான் தெரியும். எப்போதோ ஒரு வாண்டு வைத்த பெயர், அப்படியே நிலைத்துவிட்டது. டாக்டரம்மாவே ஒருமுறை அவசரத்தில் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இவளுக்குக் கோபமில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவில் பதினான்கு வருடம் ஈ.சி.ஜி. எடுத்த கை அது. நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்த ஒயர்களை நாற்பது வயதுக்கு மேல் தலையில் ஒட்டக் கற்றுக்கொண்டாள். முடியை வகிடு பிரித்து, நரநரவென்றிருக்கும் ஜெல்லைப் பஞ்சில் தொட்டு, உச்சந்தலையில் காசளவு இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். அங்கே பசை வைத்து சென்சாரை ஒட்டி, காது மடல்களில் கிளிப் மாட்ட வேண்டும். சிலர் தேய்க்கிற தேய்ப்பில் பிள்ளைகளுக்குக் கண்ணீர் வந்துவிடும். இவள் தேய்த்தால் தூக்கம் வரும். கைராசி என்று பெற்றவர்கள் சொல்வார்கள், இவளும் மறுக்க மாட்டாள்.

"ஷாக் அடிக்குமா?" என்று கேட்காத பிள்ளை கிடையாது.

"இதுலேர்ந்து உனக்கு ஒண்ணும் வராது. உன்கிட்டேர்ந்துதான் இதுக்குப் போகும். பயப்படணும்னா மெஷின்தான் பயப்படணும்" என்பாள்.

நியூரோஃபீட்பேக் என்று வாசலில் பெரிதாக எழுதிப் போட்டிருந்தாலும், உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. பிள்ளைக்கு எதிரே ஒரு திரை. அதில் மலைகளுக்கு நடுவே ஒரு ரயில். மூளை அமைதியாக இருக்கும்போது எழுகிற அலை ஓர் அளவைத் தாண்டினால் படம் தெளிந்து ரயில் ஓடும். மனசு பதறினால் படம் மங்கி ரயில் நின்றுவிடும். எப்படி ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று பார்த்துப் பார்த்தே பிள்ளைக்குத் தன்னை அடக்குகிற வித்தை மெல்லப் பிடிபட வேண்டும். அந்த அளவு, ஒயரக்காவின் திரையில் மட்டும் ஒரு சிவப்புக் கோடாகத் தெரியும். கீபோர்டில் ஓர் அம்புக்குறியைத் தட்டினால் கோடு ஏறும், இன்னொன்றைத் தட்டினால் இறங்கும்.

இறக்கலாம், தப்பில்லை. ஆனால் ஒரு நாளில் கொஞ்சம்தான் இறக்க வேண்டும், ஃபைலில் எழுத வேண்டும், பிள்ளையிடமும் சொல்ல வேண்டும். இது டாக்டரம்மாவின் கறாரான சட்டம்.

"இது மருந்தும் இல்ல, மந்திரமும் இல்ல. சைக்கிள் பழகுற மாதிரி. விழுந்தா விழட்டும், ஓடிப்போய்ப் பிடிக்காதீங்க" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

சொல்வது சுலபம். ஒயரக்கா பிறவியிலேயே ஓடிப்போய்ப் பிடிக்கிற ஜாதி. அவள் மகன் சின்ன வயதில் கணக்கு வரவில்லை என்று மூக்கை உறிஞ்சினால், இவளே இடது கையால் கோணல்மாணலாக எழுதி வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுத்துவிடுவாள். இப்போது அவனுக்கு இருபத்து நான்கு வயது. ஒரு விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும் என்றாலும் வெளியூரிலிருந்து அம்மாவுக்கு போன் போடுகிறான். இதையெல்லாம் பாசம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பிறர் அழுவதைத் தாங்க முடியாத பலவீனத்துக்கும் பாசத்துக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்கு அப்போது தெரியவில்லை.

அப்போதுதான் சிகிச்சைக்கு ஒரு பெண் வந்தாள். வயது பதினைந்து. ஒன்பது மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்ன ஒரு நாள் தொண்டை அடைத்துக்கொண்டதில் ஆரம்பித்தது. அப்புறம் காலையானால் வயிற்றுவலி, அப்புறம் பள்ளிக்கூட கேட்டைப் பார்த்தாலே வாந்தி. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது போய்விட்டால் தன் தோழிகளோடு சேர்ந்து உட்காரலாம், இல்லையென்றால் அடுத்த செட்டோடுதான். போக வேண்டும் என்று மற்றவர்களைவிட அவளுக்குத்தான் தவிப்பு. டாக்டரம்மாவிடம் வாரம் ஒரு நாள் பேச்சு, ஒயரக்காவிடம் வாரம் மூன்று நாள் ரயில் என்று முடிவானது.

முதல் ஐந்து நாள் ரயில் நொண்டி நொண்டித்தான் போனது. இருந்தாலும் போனது.

"நல்லா ஓட்டினா ரயில்வேல வேலை தருவாங்களாக்கா?" என்று அவள் கேட்டாள்.

"இப்படி நிறுத்தி நிறுத்தி ஓட்டினா பயணிங்க இறங்கி நடந்தே போயிடுவாங்க" என்றாள் ஒயரக்கா. இருவரும் சிரித்தார்கள்.

ஆறாவது நாள் வரும் வழியில், பஸ் நிறுத்தத்தில் நின்ற வகுப்புத் தோழிகள் அவளைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்களாம். நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு மூச்சே சீராகவில்லை. திரை மங்கியது மங்கியதுதான். பத்து நிமிடம் போயிற்று, ரயில் ஓர் அங்குலம் நகரவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மூளையே சரியில்லையாக்கா?" என்று அந்தப் பெண் அழுதாள்.

நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்திருக்கலாம். டாக்டரம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். இன்றைக்கு இவ்வளவுதான், நாளை மறுநாள் பார்ப்போம் என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். ஒயரக்காவின் விரல் அம்புக்குறியை நாலைந்து முறை தட்டிவிட்டது. ரயில் ஓடியது. அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்ததையும், கண்ணாடிக்குப் பின்னால் அம்மாக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தபோது, செய்தது சரி என்றே இவளுக்குத் தோன்றியது. ஃபைலில் எழுதவில்லை. இன்றைக்கு ஒரு நாள்தானே.

ஒரு நாளோடு நிற்குமா? அடுத்த முறை கோட்டைப் பழைய இடத்தில் வைத்தால் ரயில் நின்றுவிடும், பிள்ளை உடைந்துபோகும். அதனால் அப்படியே விட்டாள். பிறகு இன்னும் கொஞ்சம் இறக்கினாள். இருபதாவது நாள் வந்தபோது, கோடு கிடந்த கிடையில் ஒரு தூங்குமூஞ்சிப் பூனையை உட்கார வைத்திருந்தாலும் ரயில் ஓடியிருக்கும்.

டாக்டரம்மா கணினியில் வரைபடத்தைப் பார்த்தார். தொண்ணூறு சதவீத நேரம் ரயில் ஓடியிருக்கிறது. கோட்டைப் பற்றி ஃபைலில் ஒன்றும் இல்லை, ஆகவே கோடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நம்பினார்.

"பள்ளிக்கூடம் திறக்கிற அன்னைக்கே போகலாம். தைரியமா போ" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

ஒயரக்கா பக்கத்தில்தான் நின்றாள். நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினாள். அந்தப் பிள்ளை ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டது வேறு. யாரால்தான் சொல்ல முடியும் என்று பின்னாளில் தனக்குத்தானே எத்தனையோ முறை கேட்டுக்கொண்டாள். சொல்லியிருக்க முடியும். ஒரு வாக்கியம்தான்.

பள்ளி திறந்த அன்று இரண்டாவது பீரியடில் டீச்சர் அவளை வாசிக்கச் சொன்னார். எழுந்து நின்றாள். கண்ணை மூடி ரயிலை நினைத்துப் பார்த்தாளாம், அது வரவில்லை. புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மூன்று மணி நேரம் கழித்து, பாதி பள்ளிக்கூடம் வேடிக்கை பார்க்கத் தாழ்ப்பாளை உடைத்து வெளியே கூட்டி வந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அம்மா அவளைக் கிளினிக்குக்கு அழைத்து வந்தாள். அன்று டாக்டரம்மா ஊரில் இல்லை. அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒயரக்கா காதில் கிளிப்பை மாட்டும்போது தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. கடைசியில ரயில் நிக்கவே இல்லையே. அது நான் ஓட்டினதா? இல்ல, நீங்க ஏதாவது பண்ணீங்களா?"

அம்மாக்காரி பக்கத்திலேயே நின்றாள். இந்த நிலைமையில் பிள்ளையை இன்னும் நோகடிப்பதா என்று ஒயரக்கா நினைத்தாள். தன் வேலை போய்விடும் என்ற பயமும் அதற்குள் ஒளிந்திருந்தது.

"நீதான்டா கண்ணு. எல்லாம் நீ ஓட்டினதுதான்."

ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகம் வெறுமையாகிவிட்டது. "சரிக்கா" என்றாள். கிளிப்பைத் தானே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு வரவில்லை. கிளினிக்கிலிருந்து போன் போட்டாலும் யாரும் எடுக்கவில்லை.

ஒரு மாதம் போனது. டாக்டரம்மா அந்த ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார். "இந்தப் பயிற்சி அவளுக்கு ஒத்துவரல போல. முடிச்சுடலாம்" என்று பேனாவைத் திறந்தார்.

"ஒத்துவரலைன்னு எழுதாதீங்க டாக்டர்" என்றாள் ஒயரக்கா. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னாள்.

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "உங்களைக் கேக்காம நானும் வரைபடத்தை நம்பினேன். என் தப்பும் இருக்கு" என்றார். ஃபைலை மூடிவிட்டு, "என்கிட்ட சொல்லி என்ன பண்றது? அவகிட்ட போய்ச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் காலை ஒயரக்கா அந்தப் பெண்ணின் வீட்டுக்கு மூன்று மாடி ஏறிப் போனாள். கதவைத் திறந்த அம்மாக்காரி விஷயத்தைக் கேட்டுவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தால், பிள்ளையின் அறையைக் கையால் காட்டினாள். அந்தக் கதவு சாத்தியிருந்தது.

"நான் ஒயரக்கா வந்திருக்கேன்டா" என்று கதவருகே நின்று சொன்னாள். "அன்னைக்கு உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். ஆறாவது நாள்லேர்ந்து அளவை நான்தான் இறக்கிட்டு வந்தேன். ஸ்கூல்ல அப்படி ஆனது உன்னால முடியாததால இல்ல. நீ இன்னும் பழகி முடிக்கவே இல்ல, பாதியிலயே நான் கெடுத்துட்டேன். மன்னிச்சுடு."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. குரல் கதவுக்குப் பக்கத்தில் வந்தது.

"அப்போ முதல் அஞ்சு நாள்?"

"அது நீதான். சத்தியமா நீதான். அஞ்சாவது நாள் மூணு நிமிஷம் நிக்காம ஓட்டினே."



"இதைத்தானே அன்னைக்குக் கேட்டேன்" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம்கூட இல்லை. "நான்தான் ஓட்டினேன்னு நீங்க சொன்னீங்க. எல்லாம் சரியான அப்புறமும் நான் இப்படித்தான், இனிமே எனக்கு ஒண்ணுமே பண்ண முடியாதுன்னு ஒரு மாசமா இங்கயே உட்கார்ந்திருக்கேன்."

ஒயரக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மறுபடி வந்துடு கண்ணு. முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். நான் தொடவே மாட்டேன், டாக்டரே பக்கத்துல உட்காருவாங்க. நீ ஓட்டினா மட்டும்தான் ஓடும்."

"சரி, வந்தேன்னே வச்சுக்குவோம். ரயிலும் ஓடுது. அது நான்தான்னு யார் சொல்லி நான் நம்புறது?"