அம்மாவின் பெயரில் ஒரு தலையசைப்பு

குவைத்துக்குப் போவதற்கு முன்பே என் தங்கைக்குக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஓர் ஊரைத் தெரியும். பதுளைக் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் நானாவின் கம்ப்யூட்டர் கடையில் அவள் இரண்டு வருடம் வேலை செய்தாள். படிவம் நிரப்பிக் கொடுப்பதிலும் போட்டோக்கொப்பி எடுப்பதிலும் பகல் கழியும். ஆள் வராத மத்தியானங்களில் திரைக்குள் இருந்த அந்த ஊருக்குப் போய்விடுவாள். எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் ஆளுக்கோர் உருவம் எடுத்துக்கொண்டு நடமாடும் இடம் அது. நிலம் பிடிக்கலாம், வீடு கட்டலாம், எதிரே வருபவரை நிறுத்திப் பேசலாம். ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் எனக்கும் காட்டினாள். ஒரு மலைச்சரிவில் அவளுடைய வீடு இருந்தது. எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் வரிசையாக ஒட்டி நிற்கும் எட்டுக் காம்பரா வீடுகளில் ஒன்று மட்டும் பெயர்ந்து போய்த் தனியாக நின்றது போல இருந்தது. பக்கத்துச் சுவர் இல்லாத வீட்டில் அவளுக்கு அவ்வளவு ஆசை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் வெளிநாடு போனது அம்மாவுக்குச் சொல்லாமல். கொழும்பில் பயிற்சி என்று கூறித்தான் பாஸ்போர்ட் எடுத்தாள். விமானம் ஏறுவதற்கு முதல்நாள் உண்மையைச் சொன்னபோது அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள் விடியற்காலை அவளை வழியனுப்ப ரோட்டுக்கு நான் மட்டும்தான் போனேன். அதன் பிறகு அம்மா அதைப் பற்றி என்னிடமும் பேசியதில்லை.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத் தங்கையிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "அக்கா, அந்த ஊரு இப்ப போனுக்கு வந்திருச்சு. என் வீடு அப்படியே இருக்கு. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

குவைத்தில் அவள் வீட்டுவேலை செய்த வீட்டில் கமெராவைத் திறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. அது இல்லாதிருந்தாலும் முகம் பார்த்துப் பேசுவதில் எங்களுக்குப் பலன் இருந்திருக்காது; இரண்டு பக்கமும் அழுதுவிட்டு வைத்துவிடுவோம். அங்கே நடந்துகொண்டே பேசலாம் என்பதுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. வெள்ளிக்கிழமை அவளுக்கு அரைநாள் ஓய்வு. நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலை விட்டதும் அம்மாவை அழைத்துக்கொண்டு பிள்ளைமடுவத்துக்குப் போவேன். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. எங்கள் பக்கத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அதன் விறாந்தையில்தான்.

இரண்டு போன்கள். ஒன்றில் என் உருவம், ஒன்றில் அம்மாவின் உருவம். அம்மாவுக்கு உடுப்புத் தெரிவு செய்தது தங்கை. அங்கே சேலை கிடைக்கவில்லை. கணுக்கால்வரை விழும் நீலக் கவுன் ஒன்றை மாட்டிவிட்டிருந்தாள்.

"என்னடி இது, தொரசாணி மாதிரி ஆக்கி வச்சிருக்க?" என்றாள் அம்மா.

"தொரசாணிக்கு இவ்வளவு வடிவு இல்லம்மா" என்றது போனிலிருந்து தங்கையின் குரல்.

அம்மாவால் தன் உருவத்தைத் தானே நடத்த முடியவில்லை. வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்த விரல்கள். நுனித்தோல் தடித்துக் காய்த்துப் போயிருந்ததால் அவள் தொடுவதைத் திரை உணரவேயில்லை. "என் வெரலை இதுக்கு அடையாளம் தெரியல" என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆகவே அம்மாவின் குரல் அம்மாவுடையதாகவும் கால்கள் என்னுடையவையாகவும் இருந்தன. தங்கையின் வீட்டுக்கு மேலே ஏறும் பாதையில் மூவரும் நடப்போம். பாதி வழியில் அம்மா, "நில்லுடி, மூச்சு வாங்குது" என்பாள். விறாந்தை வாங்கில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன மூச்சு வாங்கும் என்று தங்கை கேலி செய்வாள். ஆனாலும் நிறுத்துவோம். இவ்வளவு பச்சை மலையில் ஒரு கூடைக்காரியும் இல்லையே, இதற்கு யார் கங்காணி, ஏன் இப்படிப் போட்டு வைத்திருக்கிறான் என்று அம்மா அந்த இடத்தில் கவலைப்படுவாள். எட்டு மாதம் இப்படிப் போனது. எல்லாம் பேசினார்கள், அந்தப் பாஸ்போர்ட்டை மட்டும் இருவரும் தொடவில்லை.

அம்மா ஒரு திங்கட்கிழமை காலையில் இறந்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

தங்கைக்குச் சொல்ல நான் போனை எடுத்தபோது மாமா, அம்மாவின் தம்பி, என் கையைப் பிடித்தார்.

"அங்க அவளைக் கட்டிப் புடிச்சி அழ ஒரு ஆளு இருக்கா? தனியா நின்னு எப்படித் தாங்குவா? அவ அக்ரிமெண்ட் முடிய இன்னும் ரெண்டு மாசம்தானே. வரட்டும். நாம எல்லாரும் இருந்து சொல்லுவோம்."

இதை இரக்கமற்ற பேச்சென்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் மக்களிடம் சாவுச் செய்தி தனியாகக் கேட்கும் செய்தியல்ல. கேட்பவளைச் சுற்றிப் பெண்கள் வேண்டும். தோளில் தோள் சாய்த்து வட்டமாக உட்கார்ந்து அழ வேண்டும். அப்படி அழாத துக்கம் உள்ளே கெட்டியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பல வீடுகளில் இப்படித்தான் செய்தியை மறைத்திருக்கிறார்கள். எத்தனையோ புத்தகம் வாசித்தவள் நான். எனக்கும் அன்று அது சரியென்றே பட்டது. லயத்தில் எல்லாருக்கும் சொல்லி வைத்தோம். ஒருவரும் போனில் அஞ்சலிப் படம் போடவில்லை.

வியாழக்கிழமை அம்மாவைப் புதைத்த குழிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்தோம். மறுநாள் வெள்ளிக்கிழமை.

நான் போகாமல் இருந்திருக்கலாம். சிக்னல் இல்லை என்று ஒரு வரி அனுப்பியிருக்கலாம். ஆனால் இரண்டு போன்களையும் எடுத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, டொக்டர் பேச வேண்டாம் என்றிருக்கிறார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தங்கையிடம் சொன்னேன். நீலக் கவுனைப் பாதையில் நடத்தினேன். வழக்கமான இடம் வந்ததும் நிறுத்தினேன். அப்படி நிறுத்தியதால்தான் அவள் நம்பினாள் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

அம்மா பேசாமல் இருந்தது தங்கைக்குத் தைரியத்தைக் கொடுத்திருக்க வேண்டும். மூன்றாவது வெள்ளிக்கிழமை வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அக்கா கேட்டாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். கொழும்பில் பயிற்சி என்ற பொய்யைப் பற்றிப் பேசினாள். கேட்டால் விடமாட்டீர்கள் என்று பயந்தேன் என்றாள். முதல்நாள் இரவு அம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதை இன்னும் மறக்க முடியவில்லை என்றாள். கடைசியில் கேட்டாள்:

"அம்மா, என்னை மன்னிச்சிட்டீங்களா? பேச வேணாம். தலையை மட்டும் ஆட்டுங்க."

உருவங்கள் செய்யக்கூடிய காரியங்கள் திரையின் அடியில் சிறு படங்களாக இருந்தன: கும்பிட, கைதட்ட, ஆட, சிரிக்க, தலையசைக்க. அழுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நான் தலையசைப்பைத் தொட்டேன். அந்த உருவம் இருமுறை தலையை ஆட்டியது. போனில் தங்கை விசும்புவது கேட்டது. பிறகு, ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கப் போகிறேன் என்று சொல்லி அவள் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அந்த ஊருக்குப் போகாமல் இருக்க, அம்மாவின் போன் பழுதாகிவிட்டது என்றேன். நான் சொன்ன பொய்களில் அதைச் சொல்லத்தான் எனக்குச் சிரமமே இருக்கவில்லை.

அவள் திரும்பிவந்த நாளில் நானும் மாமாவும் வேனில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போனோம். வழி முழுக்க அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். அம்மாவுக்கென்று வாங்கிய கம்பளியைப் பையில் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். தொண்டை சரியாகிவிட்டதா என்று இரண்டு முறை கேட்டாள். ஹாலிஎல தாண்டித் தோட்டத்துப் பாதையில் வேன் ஏறியபோது லயத்துப் பெண்கள் எல்லாரும் வாசலில் கூட்டமாக நிற்பதைக் கண்டாள். வரவேற்க எங்கள் பெண்கள் அப்படி நிற்பதில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன். மாமா நினைத்தபடியே எல்லாம் நடந்தது. அவளைக் கட்டிப் பிடிக்க இருபது கைகள் இருந்தன.

அம்மா இறந்தது எந்த நாள் என்று அதுவரை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. பத்து நாள் கழித்து, மாலை போட்ட படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அதன் கீழே எழுதியிருந்த தேதியில் நின்றுவிட்டாள். உதடசைய மனதுக்குள் கிழமைகளை எண்ணினாள்.

"அப்ப தலையாட்டினது நீங்களா?"

"ஆமா."

சண்டை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"செய்தியைச் சொல்லாம இருந்தது வேற, அக்கா. நீங்க எல்லாரும் எனக்காகத்தான் செஞ்சீங்க. அந்த வீட்லயும் எங்கூட வேலை செஞ்ச கேகாலைப் பக்கத்து அக்கா ஒருத்தி இருந்தா. அவளும் கட்டிப் புடிச்சிருப்பா. அது போகட்டும். மன்னிச்சாங்களா இல்லையான்னு தெரியாமலே நான் இருந்திருப்பேன். தெரிஞ்சிருச்சுன்னு நெனச்சு ஒன்றரை மாசம் சந்தோசமா இருந்தேனே, அதுக்கு நான் என்ன செய்ய?"

 பிறகு அவளே கேட்டாள். "அம்மா உங்ககிட்ட எப்பவாவது சொன்னாங்களா? நான் சொல்லாமப் போனதைப் பத்தி?"

சொல்வதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. அம்மா உன்னை எப்போதோ மன்னித்துவிட்டாள் என்பது. மாமா அதைச் சொல்லியிருப்பார். லயத்தில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அது உண்மையாகக்கூட இருக்கலாம். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லல" என்றேன். "நானும் கேக்கல."

அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். அன்று இருவரும் சாப்பிடவில்லை.

இப்போது அவள் எல்ல என்ற சுற்றுலா ஊரில் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவாள். அந்த ஊரை நாங்கள் பிறகு திறக்கவில்லை. மலைச்சரிவு வீடு இருக்கிறதா என்பதும் தெரியாது. வரும்போதெல்லாம் அம்மாவின் கடைசி மாதங்களைப் பற்றி ஏதாவது கேட்கிறாள். நினைவில் இருப்பதைச் சொல்கிறேன். இல்லாததை இல்லை என்கிறேன். அதில் ஒரு சொல்லையும் நான் கூட்டுவதில்லை. போன வாரம், கடைசி நாள் காலையில் அம்மா என்ன சாப்பிட்டாள் என்று கேட்டாள்.

"ரொட்டியும் கட்டச்சம்பலும். பாதியோட வச்சிட்டாங்க."

"மிச்சம்?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்து நான்தான் சாப்பிட்டேன்" என்றேன்.