இப்ப விடலாமா?

நான் ஸ்கேன் எடுப்பவள். கண் பார்த்ததைவிட மெஷின் பதிந்ததைத்தான் நம்புவேன். நம்ப மறுப்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்... இதற்குப் படம் இருக்கிறது.

2020 பிப்ரவரி. வூஹான். என் கணவர் கெங் தாவோவுக்கு ஒன்பது நாளாகக் காய்ச்சல். தொண்டையில் குச்சி விட்டு எடுத்த சோதனையில் இரண்டு முறையும் ‘இல்லை’ என்றே வந்தது. அப்படி வந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடையாது. அன்று காலைதான் விதி மாறியது. நுரையீரல் ஸ்கேனில் தெரிந்தாலே போதும், படுக்கை உண்டு.

மதியம் 2.40க்குப் போன் செய்தார்.

"மேடம், உங்க வாசல்லதான் உட்கார்ந்திருக்கேன். டோக்கன் எழுபத்து மூணு."

"இப்பதான் அறுபத்தேழு. முன்னாடி கூப்பிட முடியாதுங்க."

"பஸ் டிரைவர் பொண்டாட்டிக்கு இவ்வளவு கெத்தா?" சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. போன் நின்றது.

ஓடிப் போய்ப் பார்க்க முடியாது. வெளியே போனால் பாதுகாப்பு உடையைக் கழற்ற வேண்டும். மாற்று உடை அன்று இல்லை. உடை இல்லாவிட்டால் ஸ்கேனும் இல்லை.

3.22. மைக்கில் எழுபத்து மூன்றைக் கூப்பிட்டேன். கதவு திறந்தது. அவரேதான். பழுப்புக் கோட்டு, முகக்கவசம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தானாகவே படுத்தார். இருமவில்லை.

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

மேசை உள்ளே நகர்ந்தது. வ்வ்ரூம்... நின்றது.

இரண்டு நுரையீரலும் வெள்ளை, நோய்தான். ஆனால் இதயம்...? துடிக்கும் இதயத்தின் ஓரம் எப்போதும் கொஞ்சம் கலங்கித்தான் பதியும். இதில் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது.

உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். ஸ்பீக்கரில் மெல்லிய குரல்.

"இப்ப விடலாமா?"

மூச்சை விடச் சொல்ல மறந்திருந்தேன்.

மணி 3.27.

ஐந்து நிமிடம்...

"விடுங்க! என்னங்க... விடுங்க!"

மார்பு அசையவில்லை.

எழுந்தார். போனார்.

படத்தை டாக்டருக்கு அனுப்பினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். 3.41க்குப் பதில் வந்தது. படுக்கை ஒதுக்கிவிட்டார்கள்.

அவர் போனுக்கு அடித்தேன். எடுத்தது ஒரு நர்ஸ்.

"சொந்தக்காரங்களா? யாராவது கூப்பிடுவாங்கன்னுதான் இந்தப் போனைக் கையிலேயே வெச்சிருக்கேன்..."

"அவருக்குப் படுக்கை கிடைச்சிருச்சு. மேலே அனுப்புங்க."

 

"அக்கா... அவர் மூணு அஞ்சுக்கே போயிட்டார். நாற்காலியிலேயே. பையில போட்டு, சீல் வெச்சு, மூணேகாலுக்கு வண்டியில ஏத்தியாச்சு."